டிரெய்லர் வண்டிகளுக்கு மாற்று டயர்: தேய்மானமா, வயதா?

மோட்டார் வண்டியின் உறுப்புகளுள் தரையைத் தொடுவது டயர் ஒன்றே. எஞ்சினின் ஆற்றல், பிரேக்கின் பிடிப்பு, ஓட்டுநரின் திறமை ஆகிய அனைத்தும் உள்ளங்கை அகலமுள்ள ரப்பர்ப் பரப்பின் வழியாகவே சாலையைச் சென்றடைகின்றன. இவ்வுண்மையை யாரும் மறுப்பதில்லை. ஆயினும், வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுக்கப்படும் டிரெய்லரின் சக்கரங்களுக்கு மாற்று டயர் வாங்கும் வேளையில் இதே உண்மை மறக்கப்பட்டு விடுகிறது. "பின்னால் வருவதுதானே, கிடைத்ததைப் போடு" என்னும் மனப்பான்மை தனியாரிடத்தில் மட்டுமன்றி அலுவலகங்களிலும் காணப்படுகிறது. அது தவறானதும் ஆபத்தானதுமான மனப்பான்மை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது.

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் முதலிய எல்லை ஊர்கள் இருக்கின்றன. இடுக்கி மாவட்டத்தின் எல்லையிலோ சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகியவை உள்ளன. இவ்விரு பகுதிகளிலும் தமிழ் பேசும் மக்கள் பெருந்தொகையினர். தொழிலும் போக்குவரத்தும் எல்லைக்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை. சித்தூர் வட்டத்தில் நெல்லும் தேங்காயும் டிராக்டர் டிரெய்லர்களில் செல்கின்றன. போடி, கம்பம், கூடலூர் முதலிய தேனி மாவட்ட ஊர்களிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்கள், அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள், விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறி மாலையில் இறங்குகின்றனர். துறைகளின் களப் பணியாளர்களோ தெளிப்பான்களையும் கண்காட்சிப் பொருள்களையும் இருசக்கர டிரெய்லரில் ஏற்றி, ஜீப்புக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அண்மைக் காலத்தில் இவ்வரிசையில் வீட்டு வண்டி எனத்தகும் கேரவனும் சேர்ந்துள்ளது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. 2022இல் இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் கேரவன்கள் தங்குவதற்கான பூங்கா ஒன்று திறக்கப்பெற்றது. தானே ஓடும் கேரவனும் உண்டு, இழுத்துச் செல்லப்படும் கேரவனும் உண்டு. இழுக்கப்படுவது எதுவாயினும், நெல் மூட்டை ஏற்றியதோ படுக்கையும் அடுப்பும் ஏற்றியதோ, அதன் சக்கரத்துக்குரிய விதிகள் ஒன்றே.

முதலில் தெளிவுபடுத்த வேண்டியது டிரெய்லர் டயரின் வேலை யாது என்பது. இழுக்கும் வண்டியின் டயர் மூன்று வேலைகளைச் செய்கிறது: சுமையைத் தாங்குகிறது, தரையை உந்தி வண்டியை முன்செலுத்துகிறது, திசையைத் திருப்புகிறது. டிரெய்லர் டயருக்கு உந்துதலும் இல்லை, திருப்புதலும் இல்லை. சுமையைத் தாங்கி உருள்வதே அதன் கடமை. ஆகவே அதன் மேற்பரப்பிலுள்ள ரப்பர், அதாவது கடைக்காரர்கள் 'பட்டன்' என்று சொல்லும் பகுதி, மிக மெதுவாகவே தேய்கிறது. ஆனால் வளைவுகளில் அந்த டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஓர் அச்சுள்ள டிரெய்லரைவிட, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு அச்சுகளுள்ள டிரெய்லரில் இத்தொல்லை அதிகம். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் இரண்டு அச்சுகளும் வெவ்வேறு வட்டங்களில் செல்ல விரும்புகின்றன. சட்டம் அவற்றைப் பிணைத்து வைத்திருப்பதால் டயர்கள் தரையில் தேய்த்து இழுக்கப்படுகின்றன. அப்போது நசுங்கி முறுக்குண்பது டயரின் பக்கச் சுவர். எனவே டிரெய்லருக்குத் தேவைப்படுவது உறுதியான பக்கச் சுவரே ஒழிய, பகட்டான பட்டன் அன்று.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு பெறப்படுகிறது. காரிலும் லாரியிலும் டயர் தேய்ந்து சாகிறது. டிரெய்லரில் அது மூப்பினால் சாகிறது. களப்பணிக்கான டிரெய்லரோ கேரவனோ ஆண்டில் பல மாதங்கள் கொட்டகையிலோ வெட்டவெளியிலோ நின்றுகொண்டிருக்கும். ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தாலும் பட்டன் புதிதுபோலவே இருக்கும். பொறுப்பாளர் விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் நன்றாக இருக்கிறது" என்று குறிப்பெழுதி விடுகிறார். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, கார் முதலிய வண்டிகளின் டயருக்கு 1.6 மில்லிமீட்டர் என்னும் குறைந்தபட்சப் பட்டன் ஆழத்தை வகுத்துள்ளன. அந்த அளவு அவசியமானதே. மழைக்காலத்தில் இடுக்கிச் சாலைகளில் நீரைப் பிளந்து வெளியேற்ற அந்தப் பள்ளங்களே துணை. ஆயினும் டிரெய்லரைப் பொறுத்தவரை அவ்வளவு ஒன்றையே நம்புவது, முதியவரின் உடல்நிலையை அவர் செருப்பின் தேய்மானத்தைக் கொண்டு மதிப்பிடுவதை ஒக்கும்.

ரப்பர் எவ்வாறு மூப்படைகிறது? ரப்பர்ப் பாலிலிருந்து கிடைக்கும் பொருளைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதியும் மீள்சக்தியும் பெறுகிறது என்பதை 1839இல் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். அவ்வாறு பக்குவப்பட்ட ரப்பரிலும் அதன் நீண்ட மூலக்கூறுத் தொடர்களில் இரட்டைப் பிணைப்புகள் எஞ்சி நிற்கின்றன. காற்றிலுள்ள ஓசோன் வாயு, அளவில் மிகச் சிறிதே ஆயினும், அப்பிணைப்புகளைத் தாக்கி அறுக்கிறது. நீட்டப்பட்ட நிலையிலுள்ள ரப்பரில் இவ்வறுப்பு விரிசலாகத் திறந்துகொள்கிறது. இதைத் தடுக்க டயர் செய்வோர் மெழுகையும் வேறு இரசாயனப் பொருள்களையும் ரப்பரில் கலக்கின்றனர். சக்கரம் உருண்டு வளைந்து நிமிரும்போது அவை உள்ளிருந்து மேற்பரப்புக்கு வந்து காப்புறையாகப் படிகின்றன. ஓடாமல் நிற்கும் டயரில் இந்த இயக்கம் குன்றிவிடுகிறது. உழைக்கும் டயரைவிட ஓய்வெடுக்கும் டயர் விரைவில் வெடிப்புக் காண்பதன் இரகசியம் இதுதான். வெயிலும் உஷ்ணமும் இக்கேட்டினை விரைவுபடுத்துகின்றன. பங்குனி, சித்திரை மாதங்களில் பாலக்காட்டுச் சமவெளியில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது புதிதன்று. தார்ச்சாலையின் மேற்பரப்போ அதனினும் மிகுதியாகச் சூடேறும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம். ஒரே மாதிரியான இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து, ஒன்றை ஒரு மரத்துண்டின்மேல் இழுத்து மாட்டியும் மற்றொன்றைத் தளர்வாகவும் பள்ளிக்கூடத்தின் மாடியில் வைத்துவிட வேண்டும். சில நாட்களில் இழுபட்ட வளையத்தில் இழுப்புத் திசைக்குக் குறுக்காகச் சிறு வெடிப்புகள் தோன்றும். தளர்ந்தது ஏறக்குறைய முன்போலவே இருக்கும். இன்னொரு சோதனை அதனினும் எளிது. அகன்ற ரப்பர் வளையத்தைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் அது வெதுவெதுப்பாக இருப்பதை மாணவர் உணர்வர். இழுத்து விடும்போது செலவிட்ட ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை, ஒரு பகுதி உஷ்ணமாகத் தங்கிவிடுகிறது. நிமிடத்துக்குப் பல நூறு முறை நசுங்கி நிமிரும் டயருக்குள் என்ன நிகழும் என்பதை இதைக் கொண்டு விளக்கலாம்.

டயர் வெடிப்புகளிற் பெரும்பாலானவற்றுக்கு மூலகாரணம் இவ்வுஷ்ணமே. காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் அதிகமாக நசுங்குகிறது. நசுங்கல் மிகுந்தால் உஷ்ணம் மிகுகிறது. உஷ்ணம் மிகுந்தால் ரப்பருக்கும் அதனுள்ளிருக்கும் நூல், கம்பி அடுக்குகளுக்கும் இடையே உள்ள பிணைப்பு விடுபடுகிறது. மூப்படைந்த டயரில் அப்பிணைப்பு முன்னரே தளர்ந்திருக்கும். காரின் முன்சக்கரம் காற்றிழந்தால் ஓட்டுநரின் கைகளுக்கு உடனே தெரிந்துவிடும். டிரெய்லரின் சக்கரம் காற்றிழந்தால் அவருக்குத் தெரிவதில்லை. பின்னால் வருகிறவர் கையசைத்துக் கூவும்போதோ, கண்ணாடியில் புகை தெரியும்போதோதான் அவர் அறிகிறார். சமவெளியிற் சாலையோரத்துக்கு வண்டியை ஒதுக்க இடமுண்டு. சின்னாற்றிலிருந்து மறையூருக்கு ஏறும் பாதையிலோ குமுளி மலைப்பாதையிலோ ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம்.

இனி வாங்கும் முறைக்கு வருவோம். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டுள்ள எழுத்துகளும் எண்களும் அலங்காரத்துக்காக இடப்பட்டவை அல்ல. அவற்றுள் முதலிற் படிக்க வேண்டியது பிறந்த தேதி. ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3523 என்றிருந்தால் அந்த டயர் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்று பொருள். 2000ஆம் ஆண்டுக்கு முன் இவ்விடத்தில் மூன்று இலக்கங்களே இருந்தன. அத்தகைய டயர் எங்கேனும் இன்றும் தென்படுமாயின் அதைப்பற்றி மேற்கொண்டு ஆலோசிக்க வேண்டியதில்லை. இத்தேதி பெரும்பாலும் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே இருக்கும். அப்பக்கம் உள்நோக்கி இருக்குமாறு மாட்டிவிட்டால், பிறகு அதைப் படிக்க வண்டிக்கடியில் படுத்துப் பார்க்க வேண்டும். எனவே ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே தேதியைக் காட்டும்படி கடைக்காரரைக் கேட்பது நலம். நல்ல வியாபாரி இதற்கு முகம் சுளிப்பதில்லை.

எத்தனை ஆண்டு வரை பொறுக்கலாம் என்பதில் தயாரிப்பாளர்களிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டுமென்றும், எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் பத்தாவது ஆண்டில் கழற்றிவிட வேண்டுமென்றும் பெயர்பெற்ற டயர் நிறுவனங்கள் கூறுகின்றன. கார் செய்வோர் சிலர் ஆறு ஆண்டுகளையே எல்லையாகக் கொள்கின்றனர். வெயிலில் நிற்கவும் மலையில் ஏறவும் விதிக்கப்பட்ட இப்பகுதி டிரெய்லருக்கு இரண்டாவது எல்லையே பொருந்தும் எனத் துணிந்து கூறலாம். பட்டன் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் ஆறாம் ஆண்டு முடிவில் அதை மலைப்பாதையிலிருந்து விலக்கிவிட வேண்டும். இதைச் சிக்கனமற்ற யோசனை என்று கணக்குப் பிரிவினர் கருதக்கூடும். டயரின் விலை தெரிந்த அளவுக்கு விபத்தின் விலை அவர்கள் ஏடுகளில் ஏறுவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

இரண்டாவது, சுமை எண். பக்கச்சுவரில் அளவுக்கு அடுத்து ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் சுமையைக் குறிக்கும் சங்கேதம்: 91 என்றால் 615 கிலோகிராம், 100 என்றால் 800 கிலோகிராம், 110 என்றால் 1,060 கிலோகிராம். எழுத்து வேகத்தின் வரம்பு: 'எல்' என்பது மணிக்கு 120 கிலோமீட்டர், 'ஏ8' என்பது மணிக்கு 40 கிலோமீட்டர் மட்டுமே. பயிர்த்தொழிலுக்கான டிரெய்லர் டயர்களில் இந்தப் பின்னைய வகைக் குறி காணப்படும். வயலிலிருந்து களத்துக்குச் செல்ல அது போதும். கோவிந்தாபுரத்திலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாக மூணாறுக்கு ஜீப்பின் வேகத்தில் இழுத்துச் செல்லும் வண்டிக்கு அது ஒருபோதும் ஆகாது.

சுமையை எவ்வாறு கணக்கிடுவது? ஓர் அச்சும் இரண்டு சக்கரங்களும் உள்ள டிரெய்லர், ஏற்றிய சாமான்களுடன் 1,400 கிலோகிராம் இருப்பதாகக் கொள்வோம். அதிற் பத்தில் ஒரு பங்கு, அதாவது 140 கிலோகிராம், இழுக்கும் வண்டியின் கொக்கியில் அமரும். மீதி 1,260 கிலோகிராமை இரண்டு டயர்களும் தாங்க வேண்டும், ஒன்றுக்கு 630. இத்துடன் கணக்கை முடித்துக்கொண்டு 630க்குச் சற்று மேற்பட்ட டயரை வாங்குவோர் பலர். அது போதாது. தண்ணீர்த் தொட்டி ஒருபுறமும் படுக்கை மறுபுறமும் இருந்தால் பாரம் சமமாகப் பகிரப்படுவதில்லை. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்தின்மேல் பாரம் சாய்கிறது. குழியில் விழுந்து எழும்போது கண நேரத்துக்குச் சுமை பன்மடங்காகிறது. ஆகவே நூற்றுக்கு இருபத்தைந்து பங்கேனும் மிகுதி இருத்தல் வேண்டும். சுமை எண் 100க்குக் குறையாத டயரே இங்கு தக்கது. கார் டயரை டிரெய்லருக்கு உபயோகிப்பதாயின் அதன் சுமைத் திறனை 1.1ஆல் வகுத்துக்கொள்ள வேண்டுமென்று அமெரிக்க விதிகள் கூறுகின்றன. அவ்வாறு செய்தால் 800 என்பது ஏறக்குறைய 727 ஆகிவிடும். ஊகத்தை நம்பாமல் எடைமேடையில் நிறுத்திப் பார்ப்பதே மேல். ஒருபுறச் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தினால் அப்பக்கத்துப் பாரம் தனியே தெரிந்துவிடும்.

சுமைத் திறன் என்று டயரில் எழுதியிருப்பது, அதற்கென விதித்த முழுக் காற்றழுத்தமும் இருக்கும்போது மட்டுமே உண்மை. இது களப் பணியாளர்கள் அடிக்கடி மறந்துவிடும் செய்தி. உண்மையிற் சுமையைத் தாங்குவது ரப்பரன்று, உள்ளிருக்கும் காற்றே. சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அழுத்தம் என்பது சதுர செண்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3.5 கிலோகிராம். 630 கிலோகிராமை அதனால் வகுத்தால் 180 சதுர செண்டிமீட்டர் வருகிறது. சக்கரத்தைச் சுற்றிலும் சுண்ணாம்புத் தூளைத் தூவி, வண்டியை நகர்த்தி, தூள் படாத இடத்தை அளந்து பார்த்தால் பன்னிரண்டு செண்டிமீட்டர் அகலமும் பதினைந்து செண்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு பரப்பைக் காணலாம். டயரின் விறைப்பு காரணமாகக் கணக்கும் அளவும் சற்று வேறுபடும்; எனினும் காற்றுக் குறையக் குறைய அப்பரப்பு நீண்டுகொண்டே போவதை மாணவர் கண்ணாரக் காண்பர்.

மலைப்பாதைக்குச் செல்வோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறதே, அதனால் டயர் அளவுக்குமீறி விம்மாதா? கீழே காற்றை இறக்கிவிட்டுப் புறப்படும் வழக்கம் இந்த அச்சத்திலிருந்து பிறந்ததே. கணக்கிட்டுப் பார்ப்போம். பாலக்காட்டுச் சமவெளியில் 38 பாகை வெப்பத்தில் 50 பவுண்டு காற்றடித்ததாகக் கொள்வோம். வளிமண்டல அழுத்தம் 14.5 பவுண்டையும் சேர்த்தால் உள்ளிருக்கும் முழு அழுத்தம் 64.5 பவுண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் மூணாறையொத்த இடத்தில் இரவு தங்கியபின் காலையில் வெப்பம் 18 பாகை. வெப்பம் குறைந்ததனால் முழு அழுத்தம் சுமார் 60.4 பவுண்டாகச் சுருங்குகிறது. அவ்வுயரத்தில் வெளி அழுத்தம் சுமார் 12.3 பவுண்டு. ஆகவே அளவுகோல் காட்டுவது 48 பவுண்டு. உயரம் கூட்டியதைவிடக் குளிர் குறைத்தது அதிகம். மேலே சென்றால் காற்று மிகும் என்பது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பிக் காற்றை இறக்குவோர், ஏற்றத்தில் நசுங்கிய டயரையும் மறுநாட் காலை இன்னும் நசுங்கிய டயரையும் பெறுகின்றனர். புறப்படுமுன் குளிர்ந்த நிலையில் விதித்த அளவு காற்றடித்து, மேலே சென்றபின் மறுநாட் காலை மீண்டும் அளந்து பார்ப்பதே முறை. சூடேறிய டயரின் காற்றை இடைவழியில் இறக்குதல் கூடாது. நைட்ரஜன் வாயு நிரப்பினால் இக்கவலை ஒழியும் என்று சில கடைகளிற் சொல்லப்படுகிறது. நாம் மூச்சிழுக்கும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அளவுகோலை எடுத்துப் பார்க்கும் வேலையிலிருந்து எந்த வாயுவும் விடுதலை தராது.

ரேடியலா, பழைய குறுக்குநூல் வகையா என்பது அடுத்த விவாதம். குறுக்குநூல் டயரில் நூலடுக்குகள் ஒன்றையொன்று சாய்வாகக் கடந்து செல்கின்றன. ரேடியலில் அவை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகச் செல்ல, மேலே கம்பிப் பட்டைகள் சுற்றப்படுகின்றன. 1946இல் பிரான்சு தேசத்து மிஷலின் நிறுவனம் உரிமை பெற்ற இம்முறை குறைவாகச் சூடேறுகிறது, நெடுந்தூரத்துக்கு ஏற்றது. குறுக்குநூல் டயரின் பக்கச்சுவர் தடித்தது. தோட்டப் பாதையின் கூரிய கற்களுக்கு அதுவே அஞ்சாதது. ஆகையால் தார்ச்சாலையில் நெடுந்தூரம் செல்லும் கேரவனுக்கு ரேடியலும், ஏலத்தோட்டத்துக்குள் மெதுவாகச் சென்றுவரும் டிரெய்லருக்குக் குறுக்குநூல் வகையும் தகும். ஓர் அச்சில் இரண்டையும் கலத்தல் மட்டும் எக்காரணத்தாலும் கூடாது. மேல்நாடுகளில் டிரெய்லருக்கென்றே தனிவகை டயர் விற்கப்படுகிறது. நமது ஊர்க் கடைகளில் அது எளிதிற் கிடைப்பதன்று. அதற்காக வருந்த வேண்டியதில்லை. சிறு சரக்கு வண்டிகளுக்கான டயர், சுமை எண்ணும் ரிம்மின் அளவும் ஒத்திருக்குமாயின், அவ்வேலையைச் செவ்வனே செய்யும். 2009இல் மத்திய அரசு பிறப்பித்த தரக்கட்டுப்பாட்டு ஆணையின்படி மோட்டார் வண்டி டயர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும். முத்திரையற்றதை மலிவு கருதி வாங்குதல் வீண்.

வாங்குவோர் அரிதாகவே எண்ணிப்பார்க்கும் ஒரு வசதியையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜீப்புக்குப் பின்னால் இழுக்கப்பட்ட கால் டன் டிரெய்லருக்கு, ஜீப்பின் 6.00-16 அளவுச் சக்கரமே பொருத்தப்பட்டிருந்தது. ஒரு ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவியது. இரவில் டயர்க் கடை திறந்திராத மலையூர்களில் பணிபுரியும் துறைகள் இந்தப் பழைய யோசனையைத் திரும்ப மேற்கொள்வது நன்று.

பழைய லாரி டயர்களைப் பற்றிய வழக்கமே இப்பகுதியின் உண்மையான நோய். லாரிக்கு உதவாதென்று கழித்த டயரை மாட்டுவண்டிக்கு ஏற்றினர் நம் குடியானவர்கள். அதிற் குற்றம் காண இடமில்லை. காளையின் நடை மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர். அந்த வேகத்தில் டயர் சூடேறுவதே இல்லை. வெடித்தாலும் வண்டி அங்கேயே நிற்கும். அவ்வனுபவத்திலிருந்து, கழித்த டயர் எந்த இழுவைக்கும் போதும் என்னும் எண்ணம் வேரூன்றி, டிராக்டர் டிரெய்லருக்கும் அது பரவிவிட்டது. காளை சென்ற இடத்தில் இப்போது டிராக்டர் செல்கிறது. வேகம் பன்மடங்கு, சுமையோ பல டன். அறுவடைக் காலத்தில் மூட்டைகளின்மேல் ஆட்களும் அமர்ந்து செல்கின்றனர். சரக்கு டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது; அது நடக்கிறது என்பதும் எல்லாரும் அறிந்தது. தோட்டத் தொழிலாளர் செல்லும் ஜீப்புகளில் அனுமதித்த தொகைக்கு மேற்பட்டோர் ஏற்றப்படுவதும் அவ்வாறே. அத்தகைய ஜீப்பில், மூப்படைந்த டயரின் சுமை எண்ணைப் படித்துப் பார்ப்பவர் எவருமில்லை. உயிரைப் பணயம் வைப்பவர் கூலிக்குச் செல்பவர். டயரைத் தேர்ந்தெடுப்பவர் வேறொருவர். இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால், டயர் வாங்குவதை வெறும் சிக்கன விவகாரமாகக் கருத மனம் வராது.

ரீட்ரெடிங் என்னும் புதுப்பிப்பு முறை இதிலிருந்து வேறானது. முறையாகச் செய்த புதுப்பிப்பு இழிவானதன்று. ஆகாய விமானச் சக்கரங்களே பன்முறை புதுப்பிக்கப்படுகின்றன. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தங்கள் பஸ் டயர்களைத் தங்கள் தொழிற்கூடங்களிலேயே புதுப்பிக்கின்றன. அங்கெல்லாம் ஒவ்வொரு டயரின் வரலாறும் ஏட்டில் இருக்கிறது. சந்தையில் வாங்கும் புதுப்பித்த டயரின் உட்கூடு எத்தனை சுமை சுமந்தது, எத்தனை நாள் காற்றின்றி ஓடியது என்பதை யார் அறிவார்? சொந்த டயரைச் சொந்தக் கண்காணிப்பிற் புதுப்பித்துச் சமவெளியில் ஓட்டலாம். வரலாறு தெரியாத கூட்டினை மலைப்பாதைக்கு அனுப்பக் கூடாது.

இவ்விடத்தில் ஒரு முரணையும் கவனிக்கலாம். இந்திய நாட்டில் வாணிப முறையில் ரப்பர்த் தோட்டம் முதன்முதல் 1902இல் பெரியாற்றங்கரையிலுள்ள தட்டேக்காட்டில் இடப்பட்டது. கோட்டயத்தில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1955இல் ஏற்பட்டது. தொடுபுழை, மண்ணார்க்காடு வட்டாரங்களில் இன்றும் ரப்பர் செழிக்கிறது. குறைவாகச் சூடேறும் குணம் காரணமாக லாரி டயர்களில் இயற்கை ரப்பரே பெரும்பங்கு வகிக்கிறது. அத்தகைய ரப்பரை விளைவிக்கும் சீமையிலேயே மொட்டை டயர்கள் மலையேறுகின்றன.

அலுவலகக் கொள்முதலில் இரண்டு மாறுதல்கள் உடனே வேண்டும். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே கொடுப்பது என்னும் விதி இருக்கட்டும். ஆனால் ஒப்பந்தப் படிவத்தில், ஒப்படைக்கும் நாளில் டயரின் வயது ஆறு மாதத்துக்கு மேற்படலாகாது என்னும் ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். அவ்வரி இல்லாதவரை, பல ஆண்டு கிடங்கிற் கிடந்த சரக்கே மலிவாக வந்து சேரும். அடுத்து, ஓர் ஆண்டின் நிதி காலாவதியாகிவிடும் என்று அஞ்சி மார்ச்சு மாதத்தில் மொத்தமாக வாங்கிக் குவிக்கும் பழக்கம் டயரைப் பொறுத்தவரை தகாது. டயர் ஊறுகாயன்று, இருக்க இருக்கப் பக்குவப்படுவதற்கு. சேமித்துத்தான் ஆகவேண்டுமெனில் இருட்டான, குளிர்ந்த அறையில், எண்ணெயும் மின் மோட்டாரும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். மின் மோட்டாரின் தீப்பொறி ஓசோனை உண்டாக்கும். நிற்கும் டிரெய்லரை ஜாக்கியால் தூக்கிக் கட்டைமேல் நிறுத்தி, சக்கரங்களை வெயில் படாமல் மூடிவைத்தல் நன்று. புது டயருடன் புது வால்வும், ட்யூப் உள்ளதாயின் புது ட்யூப்பும் போடுதல் அவசியம். நீண்டுபோன பழைய ட்யூப் புது டயருக்குள் மடிந்து, மடிப்பிலேயே கிழியும்.

கழற்றிய டயரை என்ன செய்வது என்பதும் யோசிக்கத்தக்கது. ஏலத்தில் விட்டால் அது மெருகேற்றப்பட்டு மற்றொருவரின் டிரெய்லருக்குத் திரும்பி வரும். ஆகவே ஏலத்துக்கு முன் பக்கச்சுவரை ஓரிடத்தில் அறுத்துவிட வேண்டும். செருப்புத் தைப்பவருக்கும் கூடை முடைபவருக்கும் அறுத்த டயரே போதும். ஏலம் வரை அதைக் கூரைக்கடியில் வைக்க வேண்டும். மழையில் கிடக்கும் டயருக்குள் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. டெங்குக் காய்ச்சலைத் தடுக்க வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்கள், தங்கள் அலுவலகக் கொட்டகையின் பின்புறத்தையும் ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று.